இறால் குளத்துக் கழிவுநீருக்கு அலையாத்திப் பாத்தி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

இறால் பிடிப்பு நாளில் மதகுப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் பச்சையாகப் போகிற தண்ணீர் பாதியில் பழுப்பாகி, கடைசி அரையடி கருங்குழம்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். அது வாய்க்காலுக்கும் அங்கிருந்து கழிமுகத்துக்கும் போகும். அதே கழிமுகத்தில்தான் அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் வைத்திருப்பார். நாம் விட்டது அவருக்கு, அவர் விட்டது நமக்கு. நோய் மட்டும் ஏன் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வருகிறது என்று அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவோம்.

இந்தக் கட்டுரை அரை ஹெக்டேர் அளவில் இரண்டு மூன்று குளம் வைத்து வன்னாமி இறால் வளர்க்கும் ஆட்களுக்கு. பெரிய பண்ணை என்றால் வேறு கதை. 2005-ஆம் ஆண்டு கடலோர உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு விதிகள், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் 5 ஹெக்டேரும் அதற்கு வெளியே 10 ஹெக்டேரும் தாண்டிய பண்ணைகளுக்குத் தனிச் சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும் என்றன. சின்னப் பண்ணை அந்த விதியில் வராததால் யாரும் யோசித்ததில்லை, ஆனால் பத்து சின்னப் பண்ணை சேர்ந்தால் ஒரு பெரிய பண்ணைதானே. இந்தச் சட்டம் சும்மாவும் வந்துவிடவில்லை. நாகப்பட்டினம் பகுதியில் வயலும் கிணறும் உப்பாகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது, அதன் பின்விளைவுதான் இது. நம் கரையில் இறால் பண்ணைக் கழிவுநீர் என்பது பழைய சண்டை.

சரி, ஏன் அலையாத்தி? உள்நாட்டில் கழிவுநீரைச் செடிப்பாத்தி வழியாக விட்டுச் சுத்தம் செய்பவர்கள் சம்பு, கோரை, நாணல், கல்வாழை நடுகிறார்கள். நம் தண்ணீரின் உப்பு 20, 30 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு) என்று நிற்கும்போது அதெல்லாம் கருகிவிடும். அந்த உப்பில் உயிரோடு இருந்து, காற்றில்லாத சேற்றுக்குள்ளும் வேர் விடக்கூடிய மரம் அலையாத்திதான். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் இருப்பது வீட்டுக் கழிவுநீர், உப்பில்லாதது என்றால் அலையாத்தி வேண்டாம், கல்வாழை போதும், அது சீக்கிரமும் வளரும். எண்ணெய் கலந்த தண்ணீர், தொழிற்சாலைத் தண்ணீர் எதையும் இதற்குள் விடவே கூடாது. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு காற்று வாங்கும் மூச்சுவேரை எண்ணெய் அடைத்துவிடும், உலோகங்கள் சேற்றிலேயே தங்கிவிடும்.

செடி சுத்தம் செய்வதில்லை, சேறு சுத்தம் செய்கிறது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆயிரம் கன்று நட்டுவிட்டால் அது தண்ணீரில் உள்ள அழுக்கை எல்லாம் குடித்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அரை ஹெக்டேர் குளத்தில் 3 டன் இறால் எடுக்கிறீர்கள், தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ இறாலுக்குப் போன தீவனம்) 1.4 என்று வைத்துக்கொண்டால் போட்ட தீவனம் 4.2 டன். அதில் புரதம் 35 சதவீதம் என்றால் 1,470 கிலோ. புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சுமார் 235 கிலோ. பிடித்த இறாலின் உடம்பில் போனது ஏறக்குறைய 85 கிலோ. மிச்சம் 150 கிலோ அந்தக் குளத்தில்தான், தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் இருக்கிறது, கொஞ்சம் காற்றில் போயிருக்கும். இதை ஒரு கால் ஏக்கர் செடி மூன்று மாதத்தில் தின்று தீர்க்க முடியாது.

உண்மையில் நடப்பது வேறு. தண்ணீர் மெதுவாக நிற்கும்போது திடப்பொருள் படிகிறது. அலையாத்தியின் வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட் ஆக்குகிறது. ஒரு விரல்கடை தள்ளி ஆக்சிஜனே இல்லாத கருஞ்சேற்றில் இருக்கும் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. காற்றுள்ள மண்ணும் காற்றில்லாத மண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இதன் மொத்த சூட்சுமம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், களிமண்ணில் உள்ள இரும்போடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்கிறது. அது காற்றில் போக வழியில்லை, மண்ணில்தான் சேரும். மண் ரொம்ப நாள் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால் இரும்பு பிடியை விட்டுவிடும், பாஸ்பரஸ் திரும்பவும் தண்ணீருக்கு வந்துவிடும்.

இதிலிருந்து வருவது ஒன்றுதான்: பாத்தி நிரம்பவும் வேண்டும், வற்றவும் வேண்டும். எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும் அலையாத்திப் பாத்தி ஆறு மாதத்தில் செத்த குச்சிகள் நிற்கும் சாக்கடை.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நடந்ததும் இதுதான். ஆங்கிலேயர் காலத்தில் கூறு கூறாக மொத்தமாக வெட்டியதில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து தொட்டி போல ஆனது. அதில் கடல்நீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, புதிதாக எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990-களில் அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலை உள்ளே வந்து வெளியே போக வழி செய்த பிறகுதான் காடு திரும்ப எழுந்தது. நாம் பாத்தி வெட்டும்போதும் இந்த மீன்முள்ளையே பின்பற்றப் போகிறோம்.

இடமும் அளவும்

முதல் விதி: இயற்கையாக இருக்கும் அலையாத்திக் காட்டுக்குள் கழிவுநீரைத் திருப்பி விடுவது இந்தக் கட்டுரையில் சொல்லும் முறை அல்ல. காட்டில் தண்ணீர் எங்கே போகிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. சட்டமும் விடாது, அலையாத்தி உள்ள இடங்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிகக் கண்டிப்பான பிரிவில் இருக்கின்றன, காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரும் சேர்த்தி. உங்கள் பட்டா நிலத்துக்குள், வேலி போட்ட பண்ணைக்குள், நீங்களே வெட்டிய பாத்தியில் மட்டும் செய்யுங்கள். வெட்டுவதற்கு முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வரைபடத்தோடு போய்ப் பேசிவிடுங்கள். நட்ட பிறகு அந்த மரத்தை வெட்டலாமா என்ற கேள்வி பின்னால் வரும், அதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து அளவு. குளத்துத் தண்ணீர் முழுவதையும் பாத்திக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்தால் நிலம் போதாது. 1995-இல் வெளியான ஒரு கணக்கீடு, ஒரு ஹெக்டேர் இறால் குளத்தின் சத்துக்கழிவை முழுக்க வாங்கிக்கொள்ள, வளர்ப்பின் தீவிரத்தைப் பொறுத்து 2 முதல் 22 ஹெக்டேர் அலையாத்திக் காடு வேண்டும் என்று சொன்னது. அவ்வளவு நிலம் இருந்தால் இறாலே வளர்க்க வேண்டாம். எனவே மேல் தண்ணீரை விட்டுவிட்டு, அழுக்கின் பெரும்பகுதி இருக்கும் கடைசி மூன்றில் ஒரு பங்கைப் பிடிப்பதுதான் நம் திட்டம்.

அரை ஹெக்டேர் குளம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் மொத்தம் 6,000 கன மீட்டர். கடைசி மூன்றில் ஒரு பங்கு 2,000 கன மீட்டர். இதைத் தேக்க 1.5 மீட்டர் ஆழத்தில் படிவுக் குட்டை ஒன்று, ஏறக்குறைய 33 சென்ட். அதற்குப் பக்கத்தில் 50 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்திகள், சேர்ந்து 25 சென்ட். ஒரு பாத்தியில் சராசரி 30 செ.மீ. தண்ணீர் என்றால் 150 கன மீட்டர். முதல் பாத்தி மூன்று நாள் நிறைந்து நிற்கும், அப்போது இரண்டாவது காயும். பிறகு மாற்றிக்கொள்ளும். ஆறு நாளுக்கு 300 கன மீட்டர், 2,000 கன மீட்டர் முடிய 40 நாள்.

கரைகள் போக 58 சென்ட், ஒரு குளத்துக்கு இது பெரிய இடம், மறுக்கவில்லை. ஆனால் வன்னாமி ஒரு கல்ச்சர் 100, 120 நாள். பிடிப்பு நாள்களைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டால் இதே 58 சென்ட் இரண்டு குளத்துக்குத் தாராளமாகவும், மூன்று குளத்துக்கு இழுத்துப் பிடித்தும் போதும். எல்லாக் குளத்தையும் ஒரே வாரத்தில் பிடிப்பதுதான் வழக்கம் என்றால் இந்த அமைப்பு உங்களுக்கு ஒத்துவராது, ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம்.

படிவுக் குட்டை

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. இதைச் சரியாகக் கட்டினால் பாத்தி பாதி தோற்றாலும் தண்ணீர் தெளிந்துதான் வெளியே போகும். இது இல்லாமல் கருங்குழம்பை நேராகப் பாத்திக்குள் விட்டால் இரண்டே பிடிப்பில் மூச்சுவேர் மூடிப்போய் மரம் செத்துவிடும்.

நீளவாக்கில் வெட்டுங்கள், ஒரு முனையில் நுழைவு, எதிர்முனையில் வெளியேற்றம், நடுவில் ஒரு மண் தடுப்பு இருந்தால் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடாது. வெளியேற்றத்தில் மதகுப் பலகைக்குப் பதில் பிவிசி குழாயில் ஒரு எல்போ மாட்டி, அதை வலது இடது சாய்த்தால் மட்டம் மாறுகிற மாதிரி பசை போடாமல் செருகி வையுங்கள். எப்போதும் மேல் தண்ணீர் மட்டும் பாத்திக்குப் போக வேண்டும். பிடித்த தண்ணீர் உள்ளே வந்து மூன்று நாளாவது அசையாமல் கிடந்த பிறகு முதல் பாத்தியைத் திறங்கள். நாற்றம் அதிகமாக இருந்தால் ஒரு ஏரேட்டரை மேல்மட்டத்தில் சில மணி நேரம் ஓட்டலாம், அடிச்சேறு கலங்காமல்.

அடியில் சேர்ந்த வண்டலை வருடம் ஒரு முறை காயவிட்டு எடுத்துவிட வேண்டும். அதில் உப்பு இருப்பதால் நெல் வயலுக்குக் கொடுக்காதீர்கள், யாராவது நல்ல உரம் என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். பண்ணைக் கரையை உயர்த்தவே அது போதும்.

பாத்தி வெட்டுவது

ஜேசிபிக்காரர் கண் மட்டத்தில் வெட்டித் தருவார், அதை நம்பி நடாதீர்கள். என் உறவினர் பண்ணையில் முதல் பாத்தி வெட்டியபோது நடுவில் ஒரு கை அளவு பள்ளம் விழுந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் வற்றினாலும் அங்கே மட்டும் தண்ணீர் நின்றது. மூன்றாவது மாதம் அந்தப் பள்ளத்தில் இருந்த கன்றுகள் மட்டும் வட்டமாகச் செத்துக் கிடந்தன, யாரோ அளந்து வைத்துக் கொன்றது மாதிரி. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும், ஐந்து மீட்டருக்கு ஒரு குச்சி அடித்து மட்டம் பாருங்கள். வெளியேற்றம் இருக்கும் பக்கம் 50 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு இருக்கட்டும்.

பிறகு மீன்முள். பாத்தியின் நடுவே நீளவாக்கில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள். நடுவில் எழும்பி நிற்கும் திட்டுகளில்தான் செடி. மதகைத் திறந்தால் அரை நாளில் திட்டு முழுக்க வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் செடி நடாதீர்கள், மண்வெட்டியை எடுங்கள்.

மண் களியாக இருக்க வேண்டும், பாஸ்பரஸை மணல் பிடித்து வைக்காது. நிரப்பிவிட்டு ஒரு குச்சியில் கோடு போட்டு இரண்டு நாள் பாருங்கள். வெயிலில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குறைவது ஆவியாவது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் கசிகிறது, பக்கத்து வயல்காரர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்னால் களிமண்ணை மிதித்து அடைத்துவிடுங்கள். பழைய அலையாத்தி மண்ணை ஆழமாக வெட்டும்போது இன்னொன்று: காற்றுப் பட்டதும் சில மண் அமிலமாகிவிடும். வெட்டிய மண்ணில் ஓரிரு வாரத்தில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தாலோ, பி.எச். நாலுக்குக் கீழே போனாலோ சுண்ணாம்பு போட்டு இரண்டு மூன்று முறை அலசிவிட்ட பிறகுதான் நட வேண்டும்.

எதை நடுவது

வெண்கண்டல். யோசிக்கவே வேண்டாம். முத்துப்பேட்டைக் காடு கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். கடல்நீரைவிட உப்பு ஏறினாலும் தாங்கும், இலை வழியாக உப்பை வெளியே தள்ளும், காலையில் இலையைத் தடவினால் கையில் ஒட்டும். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சுரபுன்னை வைக்கலாம், கரையைப் பிடித்துக்கொள்ளும். கரை மேட்டில் உமரி தானாகவே வந்துவிடும், பிடுங்க வேண்டாம். தில்லை மட்டும் வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் அவஸ்தை, பண்ணையில் வேலை செய்கிறவர்கள் கையால் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். சீனாவில் ஷென்சென் நகரத்தின் ஃபூதியன் அலையாத்திப் பகுதியில் நகரக் கழிவுநீரை வைத்துச் செய்து பார்த்து 2008-இல் வெளியான சோதனையில் சொன்னரேஷியா, ஏஜிசெராஸ் என்ற இரண்டு மரங்களும் கண்டேலியா என்ற மரத்தைவிட நன்றாகச் செய்தன. ஆனால் நமக்கு உப்புத்தன்மையும் வேறு, விதை கிடைப்பதும் வேறு.

வெண்கண்டல் காய் பருவமழையை ஒட்டி விழும், ஊருக்கு ஊர் முன்பின் ஆகும். காட்டுக்குள் போய்ப் பறிக்காதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் அது குற்றம். அனுமதியோடு நாற்று வளர்ப்பவர்களிடம் வாங்குங்கள். காயை ஒரு நாள் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் கழன்று உள்ளே முளையோடு இருக்கும், அதைப் பையில் களிமண் நிரப்பி வளர்த்து நாலைந்து இலை வந்ததும் நடலாம். சுரபுன்னைக் காய் நீளமாகப் பென்சில் மாதிரி இருக்கும், மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும், தலைகீழாகச் செருகாதீர்கள். மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் நடுங்கள். மழை மாதங்களில் உப்புக் குறைவாக இருக்கும்போது நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

தண்ணீருக்குப் பழக்குவது

நட்ட நாலு மாதத்துக்குக் கழிவுநீர் வேண்டாம். சாதாரண வாய்க்கால் தண்ணீரைப் பத்து செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, மறுநாள் வடித்துவிடுங்கள். கன்றின் உச்சி எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். பிறகு பாதிக்குப் பாதி கலந்து, அப்புறம் முழுசாக. செடி வளர வளரத் தண்ணீர் உயரத்தையும் 30 செ.மீ. வரை கொண்டுபோகலாம். முதல் வருடத்தில் செடியால் பெரிய பயன் எதிர்பார்க்காதீர்கள், படிவுக் குட்டையும் சேறும்தான் வேலை செய்யும். அதனால் முதல் வருடம் எல்போவைச் சாய்த்து, அளவைப் பாதியாகவே விடுங்கள்.

குளோரின் போட்ட தண்ணீரை நேராகப் பாத்திக்கு விடாதீர்கள், நமக்கு வேலை செய்யும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடும். வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளம் என்றால் முதலில் குளத்துக்குள்ளேயே கிருமிநீக்கம் செய்து, குளோரின் வாசனை முழுக்கப் போன பிறகுதான் படிவுக் குட்டைக்கு. நோய் வந்த தண்ணீரை அலையாத்தி சுத்தமாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நண்டு, ஆடு, பாசி

நண்டுதான் இதில் குழப்பமான ஆள். அது வளை தோண்டுவதால் சேற்றுக்குள் காற்றுப் போகிறது, பாத்திக்கு நல்லது. ஆனால் வெள்ளைப்புள்ளி வைரஸை அது சுமந்துவரும், குளத்துக்கு ஆபத்து. பாத்திக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், பாத்திக்கும் குளத்துக்கும் நடுவில் நண்டு வலை கட்டாயம். சுத்தமான தண்ணீரைத் திரும்பக் குளத்துக்கு எடுக்க ஆசையாக இருக்கும், எடுக்கலாம், ஆனால் நேராக எடுக்காதீர்கள். தனித் தேக்கத்தில் வைத்து, வடிகட்டி, கிருமிநீக்கம் செய்த பிறகு.

ஆட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, வெண்கண்டல் தழை என்றால் அது சுவர் ஏறும். முதல் இரண்டு வருடம் வேலி. பாசி பாயாகப் படர்ந்து கன்றை அமுக்கினால் கையால் வாரி எடுங்கள், மருந்து வேண்டாம். தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்) ஏறினால் அந்தப் பாத்தி தண்ணீரில் அதிக நேரம் நிற்கிறது என்று அர்த்தம், காயும் நாளைக் கூட்டுங்கள்.

எதை அளப்பது

பிடிப்புக்குப் பிறகு மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்: படிவுக் குட்டைக்கு வரும் தண்ணீர், அதிலிருந்து போகும் தண்ணீர், பாத்தியிலிருந்து வெளியேறும் தண்ணீர். குளத்துக்கு வாங்கிய அமோனியா பரிசோதனை கிட் போதும். ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு பார்த்து எழுதுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றையும் வரிசையாக ஜன்னலில் வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வருடத்துக்கு ஓரிரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பி மிதக்கும் திடப்பொருளும் பி.ஓ.டி.யும் (அழுக்கைச் சிதைக்கப் பாக்டீரியா இழுக்கும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. பி.ஓ.டி. கடலுக்கு நேராக விட்டால் 50, தண்ணீர் எடுக்கும் அதே கழிமுகத்துக்கே விட்டால் 20. நம்மில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வகை.

குட்டையிலிருந்து போகும் தண்ணீருக்கும் பாத்தியிலிருந்து வரும் தண்ணீருக்கும் அமோனியாவில் வித்தியாசமே இல்லை என்றால் செடியைக் குறை சொல்லாதீர்கள். பாத்தி சரியாகக் காயவில்லை, அல்லது தண்ணீர் ஒரே வாய்க்காலில் நேராக ஓடிவிடுகிறது. ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை நுழைவில் ஊற்றி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது எந்தக் கிளையைத் தொடாமல் போகிறதோ, மறுநாள் காலையில் அங்கேதான் மண்வெட்டி வேலை.